ஹவாசாவில் எனக்கு வந்த நோய்

ஜெனி, ஸ்டீபன், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். ஒருவர் படித்துவிட்டு மற்றவருக்குக் கதையாகச் சொல்ல வேண்டாம். அப்பா பத்தாவதுக்கு மேல் போகாதவன். எழுத்துப் பிழை இருந்தால் ஜெனி சிவப்புப் பேனாவை எடுக்காமல் பொறுத்துக்கொள்ளவும்.

எத்தியோப்பியாவில் இருந்த பதினோரு நாளும் போனில் நீங்கள் என்ன கேட்டாலும் "நல்லாருக்குது கண்ணு, குளிருதான் சாஸ்தி" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஏரிக்கரையில் மீன் குடலுக்காக வரிசையில் நிற்கும் வழுக்கைத் தலைப் பறவைகளைப் படம் பிடித்து அனுப்பினேன். ஸ்டீபனின் நெஞ்சு உயரத்துக்கு இருக்கும் ஒவ்வொன்றும். ஆனால் அங்கே எனக்கு வந்த கோபத்தைப் படம் பிடிக்க முடியவில்லை. அதை எழுதத்தான் வேண்டும்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜெனி, நீ நாலாவது படிக்கும்போது ஒருநாள் எனக்குச் சோறு கொண்டுவந்தாய். தறிக்குடோனில் எல்லோருடைய டம்ளரும் ஒரே தட்டில் கவிழ்ந்திருக்க, என் டம்ளர் மட்டும் ஏன் ஜன்னல் திட்டில் தனியாக இருக்கிறது, அதன் அடியில் ஏன் சிவப்புப் பெயின்ட் என்று கேட்டாய். "அப்பாவுக்குச் சளி கண்ணு, மத்தவீங்களுக்கு ஒட்டிக்குமில்ல" என்றேன். நீ நம்பினாய். அன்று சாயங்காலம் கற்பூரவள்ளி இலை பறித்துக் கசக்கி எனக்குச் சாறு கொடுத்தாய். நானும் குடித்தேன். அந்தப் பொய்யைத் திருத்தத்தான் இந்தப் பயணத்தை முதலிலிருந்து எழுதுகிறேன்.

நம் முதலாளி தன் பழைய தறிகளில் எட்டை ஹவாசா என்ற ஊர்க்காரருக்கு விற்றது உங்களுக்குத் தெரியும். அவற்றை அங்கே நிறுத்தி, ஓட்டிக் காட்டி, அந்த ஊர் ஆட்களுக்குப் பழக்கிவிட வேண்டியது என் வேலை. எனக்கு இங்கிலீஷ் வராது என்று முதலாளியின் மச்சான் தங்கவேலுவையும் கூட அனுப்பினார். தங்கவேலு என்னைவிட எட்டு வயது சின்னவர். ஆனால் நான்தான் அவரை அண்ணா என்பேன், வாங்க போங்க என்பேன். அவர் என்னை சூசை என்பார், நீ என்பார். அவர்கள் தோட்டத்துக்காரர்கள், உங்கள் தாத்தா அவர்கள் தோட்டத்தில் ஆளாக இருந்தவர். குடோனில் சேர்ந்த இருபத்திரண்டு வருடமாக இந்தப் பேச்சு எனக்குக் காதில்கூட உறுத்தியதில்லை. பழக்கம் அப்படி.

உங்கள் அம்மா துணி அடுக்கும்போது சாப்பிடும் வட்டல் ஒன்றையும் டம்ளர் ஒன்றையும் நானே எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். "அந்த ஊர்ல வட்டல் இருக்காதாக்கு?" என்று அம்மா கேட்டாள். தங்கவேலு அண்ணனோடு பதினோரு நாள் சாப்பிட வேண்டும், பின்னால் யாருக்கும் சங்கடம் வேண்டாமே என்று நினைத்தேன். பெட்டியை மூடிவிட்டேன். இதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். வட்டலைக் கொண்டுவரச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

இறங்கியதுமே சண்டை. ஊட்டிக் குளிர் போல ஒன்று அந்த ஏர்போர்ட்டுக்குள்ளேயே அடித்தது. பெட்டியைத் திறந்த அதிகாரி, தறிக்காக நான் கொண்டுபோயிருந்த நாடாக்களைக் கண்டதும் பின்வாங்கினார். நூல் சுமந்து ஓடுகிற மரக்கட்டைதானே என்று நமக்குத் தெரியும். இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருப்பதைத் தெரியாதவன் பார்த்தால் ஆயுதம் என்றுதான் நினைப்பான். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாடாவை எடுத்து வலது கையிலிருந்து இடது கைக்கும் இடதிலிருந்து வலதுக்கும் எறிந்து, வாயால் "டக்கடக் டக்கடக்" என்று தறி ஓட்டிக் காட்டினேன். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். பெட்டியை மூடப் போனவர் வட்டலையும் டம்ளரையும் பார்த்து ஏதோ கேட்டார்.

"எங்க நாட்டுல தட்டே இல்லைன்னு யாராவது சொன்னாங்களான்னு கேக்கறான்" என்றார் தங்கவேலு. அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் கடிகாரத்தால் கெட்டோம். "நாளை இரண்டு மணிக்கு வண்டி" என்று, ஹவாசாவுக்குக் கூட்டிப்போக வேண்டிய டிரைவர் முந்தின நாளே விடுதியில் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். மதியம் இரண்டு மணிக்குப் பெட்டியோடு வாசலில் நின்றோம். மூன்றாகியும் வண்டி இல்லை. விடுதியை நடத்தும் அம்மாவிடம் தங்கவேலு சத்தம் போட்டார். டிரைவர் காலையில் சரியாக இரண்டு மணிக்கு வந்து, அரை மணி நேரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். அவர்கள் பொழுது விடிவதிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நம் காலை எட்டு அவர்களுக்கு இரண்டு. எட்டு மணிக்கு நாங்கள் உள்ளே ரொட்டியும் முட்டையும் தின்றுகொண்டு, யாருடைய வண்டி இப்படிக் கத்துகிறது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

"ஒரு ஊருக்கு ஒரு கடியாரம் வேண்டாமுங்களா?" என்று நான் தமிழிலேயே அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "பகல் விடிந்து இரண்டு மணி நேரம் ஆனால் இரண்டு மணி. நீங்கள் நடுராத்திரியிலிருந்து எண்ணுகிறீர்கள், அப்போது யார் விழித்திருக்கிறார்கள்?" என்றாராம். கோபத்தில் அன்று அது புரியவில்லை. இப்போது யோசித்தால் அவர் சொன்னதில் தப்பில்லை.

அடுத்த நாள் காலை மினி பஸ்ஸில் ஹவாசாவுக்குப் புறப்பட்டோம். சூலூரிலிருந்து காலை நேரத்தில் கோயம்புத்தூர் போகும் பஸ்ஸில் கூட்டம் என்று இனி நான் சொல்ல மாட்டேன். மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஐந்து பேர், மடியில் ஒரு கோழி. நடுவழியில் டயர் வெடித்து ஒன்றரை மணி நேரம் ரோட்டோரம் நின்றோம். யாரும் டிரைவரைத் திட்டவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு வயதான பெண் சால்வை முடிச்சிலிருந்து வறுத்த பார்லியை எடுத்து நின்றிருந்த எல்லோருக்கும் கையால் அள்ளிக் கொடுத்தாள். எனக்கும் தங்கவேலுவுக்கும் கொடுத்தாள். இரண்டு பேரும் வாங்கித் தின்றோம். தங்கவேலு கூச்சப்படாமல் இன்னொரு கை கேட்டு வாங்கிக்கொண்டார்.

தறி வாங்கிய பட்டறை முதலாளியின் பெயர் தெஸ்ஃபாயே. ஐம்பது வயது இருக்கும். கை குலுக்கினால் தோளோடு தோளும் இடித்துக்கொள்வார். மேற்பார்வை பார்க்கும் பெண் அல்மாஸ். முப்பது வயது, இங்கிலீஷ் தெரியும், சிரிக்காமல் கேலி பேசுவாள். தறிகளைப் பிரித்துக் கட்டியிருந்த லட்சணத்தைப் பார்த்து நான் தலையில் கை வைத்தபோது, "உங்கள் ஊரில் தறியைப் பார்த்ததும் அழுவார்களா?" என்று கேட்டாளாம்.

பட்டறையில் முதல் நாள் மதியம்தான் அது நடந்தது. நம் ஊர்க் கல்யாணத் தாம்பாளம் போல ஒரு பெரிய தட்டு. அதில் ஆப்பத்தையும் தோசையையும் கலந்தது போலப் புளித்த, பஞ்சு போன்ற ஒரு பெரிய அடை. இன்ஜெரா என்கிறார்கள். அதன் மேல் அங்கங்கே பருப்பு, கீரை, காரமான குழம்பு. எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் கை விட்டுத் தின்கிறார்கள். ஓரத்தைப் பிய்த்து, குழம்பைத் தொட்டு, வாயில். தங்கவேலு தெஸ்ஃபாயேவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் இடம் விட்டிருந்தார்கள்.

நான் பையைத் திறந்து என் வட்டலை எடுத்தேன்.

எல்லோருடைய கையும் நின்றது. தெஸ்ஃபாயே அல்மாஸிடம் கேட்டார், அல்மாஸ் தங்கவேலுவிடம் கேட்டாள். தங்கவேலு இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொல்லித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இவன் நம்ம ஆளு, நெஞ்சுக்கு நெருக்கமானவன்" என்கிறார் போலிருக்கிறது என்று நானும் சிரித்துத் தலையாட்டினேன். அல்மாஸ் முகம் மாறியது. எழுந்துபோய் என் வட்டலில் நிறையப் பரிமாறி, முற்றத்தில் வெயில் படும் இடத்தில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தாள்.

அதற்குப் பிறகு அவர்கள் என்னிடம் நடந்துகொண்ட விதம் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. நூல் சுற்றிய பாவு உருளையைத் தூக்கப் போனால் இரண்டு பேர் ஓடிவந்து பிடுங்கிக்கொள்கிறார்கள். குனிந்தால் நாற்காலி வருகிறது. மணிக்கு ஒரு தரம் இஞ்சி போட்ட வெந்நீர் வருகிறது. காப்பிக் கொட்டையை நம் கண் முன்னாலேயே வறுத்து, சாம்பிராணி போட்டு, மூன்று சுற்றுக் காப்பி கொடுப்பது அங்கே வழக்கம். எனக்கு மட்டும் என் டம்ளரில் ஊற்றினார்கள். ஒரு பையன் என்னிடம் பேசும்போதெல்லாம் சட்டைக் காலரை மூக்குக்கு இழுத்துக்கொண்டான். என் வேர்வை நாற்றம் போல என்று நினைத்து நான் இரண்டு வேளை குளித்தேன், அந்தக் குளிரில். "ஏனுங்ணா, இவங்க என்னைக் கெழவன்னு நெனைச்சுட்டாங்களா?" என்று தங்கவேலுவிடம் கேட்டேன்.

"கம்முனு வேலையப் பாரு சூசை. மரியாதை குடுத்தா வாங்கிக்க" என்றார்.

பட்டறைக்கு வந்த நாலாம் நாள் காலை தெஸ்ஃபாயேவும் அல்மாஸும் ஒரு சீட்டோடு என் முன்னால் வந்து நின்றார்கள். தங்கவேலு கடைவீதிக்குப் போயிருந்தார். அல்மாஸ் தன் போனில் ஏதோ தட்டினாள். போன் ரேடியோ செய்தி வாசிப்பது போலத் தமிழில் பேசியது.

"உங்கள் நுரையீரல் நோய் எத்தனை ஆண்டுகளாக உள்ளது? பயப்பட வேண்டாம். இது சுகாதார நிலையத்தின் சீட்டு. தெஸ்ஃபாயே உங்களுடன் வருவார்."

என் காதை நானே நம்பவில்லை. எனக்கு ஒரு நோயும் இல்லை என்று போனிடம் சொன்னேன். அல்மாஸ் படித்துப் பார்த்தாள். மறுபடி தட்டினாள்.

"உங்கள் சகோதரர் கூறினார். அதனால்தான் தனியாக உண்கிறீர்கள்."

நான் அண்ணா என்று கூப்பிடுவதற்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு எங்களைக் கூடப் பிறந்தவர்கள் என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். தங்கவேலு நெஞ்சைத் தொட்டுக் காட்டியது எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உடம்பெல்லாம் எரிந்தது. தங்கவேலு வந்ததும் பட்டறைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனேன். அவர் கையைப் பிடித்து இழுத்தது அதுதான் முதல் தடவை.

"ஏனுங்ணா, எனக்கு என்ன நோவுங்க?"

"அட, அதுக்கா? வேற என்னத்தச் சொல்றது? நம்மூரு வழமைய இவங்களுக்குச் சொன்னா புரியுமா?"

"அதுக்காக நெஞ்சு நோவுன்னு சொல்லிப்போடுவீங்களா? அந்தப் பையன் மூக்கை மூடறானுங்க!"

"சத்தம் போடாத. வட்டலை எடுத்து வெச்சது யாரு? நானா எடுத்து வெச்சேன்? நீ எடுத்தே, அவங்க கேட்டாங்க, நான் ஒரு பதிலச் சொன்னேன்."

"யாரு எவருன்னே தெரியாத எட்டுப் பேரோட ஒரே தட்டுல கைய உடறீங்க. என்னோட மட்டும் ஆகாதுங்களா?"

"இவங்க வேற நாட்டுக்காரங்க சூசை. இவங்களும் நீயும் ஒண்ணா? இத்தன வருசமா இல்லாத ரோசம் பிளேன்ல ஏறுனதும் வந்துருச்சாக்கு?"

"நாந் தொட்டு ஓடற தறியில நெய்த வேட்டியத்தானுங்களே இடுப்புல கட்டியிருக்கீங்க" என்றேன்.

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். யாரும் கூப்பிடாத போன்.

பிள்ளைகளே, அவர் மேல் வந்த கோபம் பாதிதான். வட்டலை எடுத்து வைத்தது நான்தான் என்று அவர் சொன்னது நிஜம். அது இன்னும் எரிந்தது. அதைவிடப் பெரியது ஒன்று. எனக்கு நோய் என்று முதலில் சொன்னவர் தங்கவேலு இல்லை. உன்னிடம் சொன்னேனே ஜெனி, சளி ஒட்டிக்கொள்ளும் என்று. அவருக்கு முன்னால், யாரும் சொல்லித்தராமலேயே, அதே பொய்யை நான் பெற்ற பிள்ளையிடம் சொன்னவன் நான்.

அல்மாஸிடம் போய் போனில் பேசினேன். "எனக்கு நோய் இல்லை. எங்கள் ஊரில் சில பேர் சில பேரோடு சேர்ந்து சாப்பிட மாட்டார்கள்."

அவள் படித்தாள். போன் கேட்டது: "ஏன்?"

நான் வாயைத் திறந்தேன். போன் காத்திருந்தது. காத்திருந்து, ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னது. மறுபடி பொத்தானை அமுக்கினாள். மூன்று தடவை அமுக்கினாள். இருபத்திரண்டு வருடம் அதன்படி நடந்திருக்கிறேன், காரணம் கேட்டால் ஒரு வாக்கியம் வரவில்லை. அவள் போனைச் சட்டைப் பையில் போட்டாள். சுகாதார நிலையத்துச் சீட்டை நாலாகக் கிழித்தாள்.

அன்று மதியம் என் வட்டலை நான் எடுக்கவில்லை. அல்மாஸ் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். எதிரே தங்கவேலு. அவர் கை ஓரத்தில் நின்றுவிட்டது. நான் ஒரு துண்டு பிய்ப்பதற்குள் அல்மாஸ் இன்ஜெராவைப் பிய்த்துப் பருப்பை அள்ளி, எலுமிச்சை அளவு உருட்டி, நேராக என் வாய்க்கு நீட்டினாள். நான் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். பிரியமானவர்களுக்கு இப்படி ஊட்டுவது அவர்கள் வழக்கமாம். மறுத்தால் மனம் நோகும். மாதா கோயில் பூசையில் சாமியார் நாக்கில் நன்மை அப்பம் வைப்பாரே, அதைத் தவிர வளர்ந்த பிறகு இன்னொருவர் கையால் என் வாய்க்குள் எதுவும் போனதில்லை. வாயைத் திறந்தேன். ஒன்றோடு விடக்கூடாதாம், இன்னொன்றும் ஊட்டினாள். காரமா, வேறு எதுவா தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அத்தோடு முடிந்திருந்தால் நான் சந்தோஷமாகத் திரும்பியிருப்பேன். தெஸ்ஃபாயே எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் தம்பி சண்டை போட்டிருக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார். என்னிடம் தங்கவேலுவைக் காட்டி, "உன் சகோதரனுக்கு ஊட்டு" என்று வாய்க்குக் கையைக் கொண்டுபோய்ச் சைகை செய்தார். அல்மாஸுக்கு விஷயம் தெரியும். அவள் தடுக்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் விரலிடுக்கில் தறி எண்ணெய்க் கறுப்பு இருந்தது. ஒரு சின்னத் துண்டு பிய்த்தேன். பெரிதாக, பெரிதாக என்று தெஸ்ஃபாயே கையைக் காட்டினார். உருட்டினேன். தட்டுக்கு மேலே கையை நீட்டினேன்.

தங்கவேலு என்னைப் பார்த்தார், தெஸ்ஃபாயேவைப் பார்த்தார். தெஸ்ஃபாயே இன்னும் பன்னிரண்டு தறி வாங்குவதாகப் பேசியிருந்தார். தங்கவேலு கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். மென்றார். விழுங்கினார். கை தட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை. கூரை இடியவில்லை. அவர் முகத்தில் உடனே ஒரு சிரிப்பு வந்தது, வியாபாரச் சிரிப்பு. "வெரி டேஸ்ட்டி" என்றார். அந்த இங்கிலீஷ் எனக்குப் புரிந்தது.

பிறகு குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டே, "ஊருல சொல்லிப்போடாத சூசை" என்றார்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தோட்டத்துக்காரர்களால் முடியாது, பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், உடம்பு கூசும் என்றெல்லாம் இத்தனை வருடம் நானே அவர்களுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன். முடிகிறது, கண்ணுகளா. ஒரு நிமிஷம் போதும். வேண்டும் என்றால் முடிகிறது.

மீதி நாட்கள் நன்றாகவே போயின. எட்டுத் தறியும் ஓடின. காலரை மூக்குக்கு இழுத்த பையன் கடைசி நாளில் தனியாக நாடா மாற்றினான். வட்டல் பெட்டிக்கு அடியிலேயே கிடந்தது. கிளம்பும்போது அல்மாஸ் போன் வழியாக, "உங்கள் நுரையீரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். நான்தான் சிரித்தேன்.

ஊர் திரும்பித் திங்கட்கிழமை தறிக்குடோனுக்குப் போனேன். பத்து மணிக்குப் பேக்கரியிலிருந்து தூக்குப் போசியில் டீ வந்தது. எல்லோரும் தட்டிலிருந்து டம்ளர் எடுத்தார்கள். என்னுடையது ஜன்னல் திட்டில், பதினோரு நாள் பஞ்சுத் தூசியோடு. "அந்த ஊர்ச் சாப்பாடு எப்படி சூசை?" என்று ஒருவர் கேட்டார்.

"அவனுக்கு அங்கத்த சாப்பாடே ஒத்துக்கலப்பா" என்றார் தங்கவேலு, என்னைப் பார்க்காமல்.

நான் டீ குடிக்கவில்லை. மறுத்து ஒன்றும் சொல்லவும் இல்லை. அதற்கும் என் மேல் எனக்குக் கோபம்தான்.

ஜெனி, அப்பாவுக்குச் சளி இல்லை. எப்போதும் இருந்ததில்லை. உன் கற்பூரவள்ளிச் சாற்றைப் பொய்யாகக் குடித்ததற்கு என்னை மன்னித்துவிடு.

குடோன் சாவி என்னிடம்தான் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு யாரும் வருவதற்கு முன்னால் திறந்தேன். தறிகளுக்கு இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை. அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஜன்னல் திட்டிலிருந்து டம்ளரை எடுத்தேன். உப்புத்தாளால் அடியிலிருந்த சிவப்புப் பெயின்டைத் தேய்த்தேன். வருடக் கணக்கில் இருந்த பெயின்ட், போக நேரமாயிற்று. என்னுடையது தனியாகத் தெரியாதபடி மற்ற எட்டு டம்ளர்களின் அடியையும் இரண்டு இழுப்பு இழுத்தேன். எல்லாம் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. ஒன்பதையும் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினேன். தட்டில் கவிழ்த்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றோடொன்று இடிக்க இடிக்க இடம் மாற்றினேன்.

பிறகு கண்ணைத் திறந்து பார்த்தேன். எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.